காத்திருக்கும் பெண்: களிமண்ணில் ஓர் உணர்ச்சி உருவம்

25 செ.மீ. உயரத்தில், திண்ணைக் குந்தில் உட்கார்ந்து வழி பார்க்கும் ஒரு பெண்ணைச் செய்வோம். உட்கார்ந்த உருவத்துக்குக் கணுக்கால் முறியும் பயமில்லை. தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது.

களி

4 கிலோ களிமண், 800 கிராம் ஓட்டுத் தூள் தேவை. பழைய கூரை ஓட்டை இடித்து, மாவரிதட்டில் அரித்தால் தூள் கிடைக்கும். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது. தூள் சேர்ந்த களி குறைவாகச் சுருங்கும், வெடிப்பும் குறையும்.

யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம். களியில் சிறு சுண்ணக்கல் துண்டு கிடந்தால் சூளையில் அது நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொருமி, சில நாளில் கன்னத்திலோ மூக்கிலோ ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். எனவே களியைத் தண்ணீரில் கரைத்து, அரிதட்டால் வடித்து, தெளிய விட்டு எடுங்கள். சந்தேகமான கட்டியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு காயும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதையே பாவியுங்கள்.

முதலில் உடம்பு

முகத்தில் தொடங்காதீர்கள். வாயை வளைத்துச் சோகம் காட்டப் போனால் முகமூடிதான் வரும். காத்திருப்பு கழுத்திலும் தோளிலும் இருக்கிறது. உடலை ஒரு பக்கம் சாய்த்து, பாரம் முழுவதையும் ஊன்றிய கையில் விடுங்கள். அந்தப் பக்கத் தோள் மேலேறும், மற்றது தொங்கும். கழுத்தைச் சற்று முன்னே நீட்டித் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இப்போது உருவத்தின் முதுகுப் பக்கம் போய்ப் பாருங்கள். முகம் தெரியாமலே அவள் காத்திருப்பது விளங்கவேண்டும். விளங்காவிட்டால் கழுத்தைத் திருத்துங்கள், கண்ணுக்குப் போகவேண்டாம்.

கை, தலை ஒட்டும் இடங்களை ஈர்க்கால் கீறி, கூழ்க்களி பூசி அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தடவி ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும்.

முகத்தில், தலை உயரத்தின் நடுவில் கண்கள் வரவேண்டும். புருவத்தின் உள் நுனியை மட்டும் ஒரு மி.மீ. உயர்த்துங்கள். கவலை வந்துவிடும். உதடுகளை மூடி அப்படியே விடுங்கள்.

குடைதல்

தொட்டால் குளிர்ந்து, விரல் பதியாத பதம் வந்ததும் இடுப்பிலும் கழுத்திலும் மெல்லிய கம்பியால் அறுத்து, உள்ளே கரண்டியால் குடையுங்கள். சுவர் எங்கும் ஒரு செ.மீ. இருக்கட்டும். ஓரிடம் தடிப்பாகவும் பக்கத்தில் மெல்லியதாகவும் இருந்தால் அந்த எல்லையில்தான் வெடிக்கும். மறுபடி கீறி ஒட்டி, அடியில் ஒரு துளை விடுங்கள்.

காய்தல்

சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்றில்) வைக்கவே கூடாது, விரல்களும் மூக்கும் முந்திக் காய்ந்து பிளக்கும். சொப்பின் பையால் (பொலித்தீன் பை) தளர்வாக மூடி, நிழலில் இரண்டு கிழமை வையுங்கள். விரல்களுக்கு ஈரச்சீலைத் துண்டு சுற்றலாம்.

சுடுதல்

சூளையில் உருவம் சிதறுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாவதுதான். 100 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே மூன்று மணிநேரம் நிறுத்துங்கள். பிறகு மணிக்கு 100 பாகை வீதம் 950 வரை ஏற்றலாம். 573 பாகையில் களியிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இரு தடவையும் அங்கே மெதுவாகப் போங்கள். 100 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகே கதவைத் திறவுங்கள். வடிக்காத களி என்றால், எடுத்து ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீரில் முழுக ஊறவிடுங்கள். சுண்ணாம்பு இளகிப்போவதால் சில்லுப் பெயர்வது குறையும்.