பழைய ஹைலக்ஸுக்கு எஞ்சினும் கியர் பெட்டியும் மாற்றுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலை சுமந்து தேய்ந்த பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. உடம்பு கெட்டியாக இருக்கும்போது, எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்பதற்காக அப்படி ஒரு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் ஒப்பாது. என்னுடையது 2446 சிசி கொண்ட 2எல் டீசல் எஞ்சின், மேனுவல் கியர். உதவிக்கு ஒருவர் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம்.

முதலில் காகித வேலை. எஞ்சின் எண் வண்டியின் கிரானில், அதாவது உரிமைச் சான்றிதழில், பதிவாகியிருக்கிறது. எண் மாறினால் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும், புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தின் பரிசோதனையும் வேண்டும். பழைய வண்டிகளை வெட்டி எஞ்சின், பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கும்போதே ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, தூக்கும் ஏற்பாடு. ஒரு டன் தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), அதைத் தாங்கும் கனமான இரும்பு முக்காலி. ரம்பூத்தான் கிளையில் சங்கிலி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் தொங்கும்போது அதனடியில் கை, கால் எதுவும் போகக் கூடாது.

இனிக் கழற்றலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய் மூன்றையும் வடியுங்கள். கியர் எண்ணெயை வடிக்காமல், பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டை உருவினால் வால்பக்கமாக எல்லாம் தரையில் கொட்டும். பானெட், ரேடியேட்டர், டீசல் குழாய்கள், எக்சாஸ்ட், கியர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் காகித நாடா ஒட்டி, எங்கே போகிறது என்று எழுதுங்கள். கிளட்ச் சிலிண்டரைக் குழாயோடு சேர்த்து ஓரமாகக் கட்டி வைத்தால் போதும். அதன்பின் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கடைசியாகச் சட்டத்தோடு இணைக்கும் மவுண்ட் போல்ட்டுகள். வால்பக்கம் தாழ, முன்பக்கம் உயரச் சாய்த்து, எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒன்றாகவே தூக்குங்கள்.

புதிய எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். அங்கே காசு பார்க்காதீர்கள்.

எஞ்சினோடு கியர் பெட்டியைச் சேர்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலின் நடுவில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கான மையக் கம்பியை நுழைத்து வைத்துக்கொண்டே பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்குங்கள். பிறகு கியர் பெட்டியை ஏதாவதொரு கியரில் போட்டு, நேராகத் தள்ளியபடி வால்பக்கத் தண்டைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்ததும் பெட்டி தானே வழுக்கிப் போய் ஒட்டும். என் முதல் முயற்சியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சியது. போல்ட்டை முறுக்கினால் வந்து சேரும் என்று முறுக்கினேன். ஹவுசிங்கில் போல்ட் போகும் காது விரிசல் விட்டது. வேறு கியர் பெட்டி தேட வேண்டியதாயிற்று. இடைவெளி கையாலேயே மூட வேண்டும், போல்ட் பிடித்து வைக்க மட்டுமே.

இறக்கிப் பூட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையைப் பலர் மறக்கிறார்கள். பிறகு ஸ்டார்ட்டர் சுற்றாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணெய்களையும் தண்ணீரையும் நிரப்புங்கள். இன்ஜெக்டர் பம்ப்பின் டீசல் நிறுத்தும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றவிடுங்கள். ஒயரை மாட்டி, ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்ப்பைக் கெட்டியாகும்வரை அழுத்தினால் காற்று போய்விடும். இப்போது சாவியைத் திருப்பலாம்.

அன்றிரவு வண்டியின் அடியில் பெரிய அட்டையொன்றை விரித்து வையுங்கள். காலையில் கறுப்புச் சொட்டு இருந்தால் எஞ்சின் எண்ணெய். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் எண்ணெய். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, டார்ச் விளக்கோடு தேடத் தொடங்குங்கள்.