பழைய டீசல் 4×4 பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: அங்குலத்துக்கு முன்னால் எடை

வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட்டை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் ஏறும்?" என்றுதான். வயதான டீசல் பிக்கப்பில் அது மூன்றாவது கேள்வி. முன் ஆக்சிலின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது, எந்த அளவு டயர் போடப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் அங்குலம் தானாக வந்துவிடும்.

டீசல் எஞ்சின் கனமானது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ. அதே மாடலின் பெட்ரோல் வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கை அதன் அடியில் போட்டால், சொன்ன உயரம் வராது. வந்தாலும் வண்டியின் மூக்கு சீக்கிரமே தாழ்ந்துவிடும். வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) இரும்பு பம்பரும் இருந்தால் இன்னும் 80 முதல் 100 கிலோ கூடும். அதனால் டேங்கை நிரப்பி, வழக்கமாக ஏற்றும் சாமானோடு வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. இந்த இரண்டு எண்களைச் சொல்லித்தான் ஸ்பிரிங் கேட்க வேண்டும். ஓல்ட் மேன் எமு போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு, ஏற்றும் எடையைப் பொறுத்து வேறு வேறு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். எப்போதும் 300 கிலோ சுமப்பதற்கான பின் ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் பள்ளம் மேடெல்லாம் துள்ளும். ஈரச் சாலையில் பின்பக்கம் பிடிமானம் இழக்கும்.

இப்போதைய உயரத்தையும் அளந்துவிடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றுக்கு ஏற்ப அது மாறும். ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை, நான்கு சக்கரத்துக்கும். இடம் வலம் 12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிட் பெட்டியில் எழுதியிருக்கும் அங்குலம் தொழிற்சாலை உயரத்திலிருந்து கணக்கிட்டது. ஒன்றரை அங்குலம் தாழ்ந்துபோன வண்டியில் 2 அங்குலக் கிட் போட்டால், கண்ணுக்கு மூன்றரை அங்குலம் ஏறியதாகத் தெரியும். 4 அங்குலம் வேண்டும் என்று நினைத்தவர்களில் பலருக்கு அதுவே போதும்.

அடுத்து, முன் ஆக்சில் எந்த வகை என்று குனிந்து பாருங்கள்.

பட்டை ஸ்பிரிங் மேல் நிற்கும் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் ஒரே கட்டியாக இணைப்பது) என்றால் வேலை எளிது. 1999 முதல் 2004 வரையான ஃபோர்டு சூப்பர் டியூட்டி, 1997-க்கு முந்தைய பல டொயோட்டா ஹைலக்ஸ் இந்த வகை. பட்டை ஸ்பிரிங் தொகுப்பையே முழுதாகப் புதிதாக வாங்குங்கள். முன்பக்கம் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பிளாக் (உலோகக் கட்டை) வைத்து உயர்த்துவது கூடவே கூடாது. பிரேக் அழுத்தும்போது ஆக்சில் முறுக்கி, பிளாக் வழுகி வெளியே வரலாம். பின்பக்கம் ஒரு பிளாக் இருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று வைக்கக் கூடாது. டீசலின் இழுவிசை குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழுதாக வருவதால், கிளம்பும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். உயரமான பிளாக் அதற்கு நெம்புகோல் ஆகிவிடும். பட்டை 'எஸ்' போல வளைந்து, பினியன் மூக்கு (டிஃபரன்ஷியலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) மேலே எழும்பி, கடைசியில் யுனிவர்சல் ஜாயிண்ட் உடையும். நீள ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) மாட்டுவதும் மலிவான குறுக்குவழிதான்: 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் ஏறும், கூடவே ஆக்சிலின் சாய்வையும் மாற்றிவிடும்.

1994 முதல் 2002 வரையான டாட்ஜ் ராம் போலக் காயில் ஸ்பிரிங் கொண்ட முழு ஆக்சிலில் இரண்டு சிக்கல் வரும். வண்டி உயர்ந்ததும், ஆக்சிலைச் சேஸிஸோடு குறுக்காகப் பிணைக்கும் டிராக் பார் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய டிராக் பார் போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்சிலை முன்பின்னாகப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள் கீழே சாய்வதால் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாக நேர் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். முன்னால் நின்று பார்த்தால் டிராக் பாரும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

முன் சக்கரங்கள் பேயாட்டம் ஆடுவது இந்த வண்டிகளின் பெயர்போன நோய். ஸ்டியரிங் டாம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) போட்டு அதை மூடி மறைக்க வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று ஆட்டட்டும். இன்னொருவர் டிராக் பாரின் சேஸிஸ் முனையில் விரலை வைக்கட்டும், பாரின் மேல் பாதி, பிராக்கெட்டின் மேல் பாதி. இரண்டும் ஒன்றாக அசையாமல் இடையில் 'டக்' என்று ஒரு தட்டல் விரலில் உணர்ந்தால் அந்த முனை தேய்ந்துவிட்டது. டை ராட், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். லிஃப்ட் போடுமுன் இவற்றை மாற்றுவதே சிக்கனம்; பெரிய டயர் வந்தபின் தேய்ந்தவை நாள்கணக்கில் கைவிடும்.

டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) உள்ள வண்டியில், 2001-இல் வந்த டூராமேக்ஸ் சில்வரடோ ஹெச்டி போன்றவற்றில், போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் ஏறும். அதுதான் ஆபத்து. ஸ்பிரிங் மாறவில்லை, சக்கரம் கீழே தொங்கும் தூரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டோம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் மேல் ஆர்ம் நிறுத்தியில் இடிக்கும், டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஃபரன்ஷியலையே இறக்கும் பிராக்கெட் கிட் தேவை, வெட்டலும் வெல்டிங்கும் வரும். இந்த வகையில் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

டயர் கணக்கு தோராயமாக இப்படி: 33 அங்குல டயருக்கு 2 முதல் இரண்டரை, 35-க்கு 4. 37 என்றால் 6, அங்கே செலவு பன்மடங்காகும். 31-லிருந்து 35-க்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 113. 3.73 கியர் விகிதம் இருந்தால் பழைய இழுவைக்கு 4.21 வேண்டும், கிடைப்பது 4.10 அல்லது 4.30. முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். மாறினால் 4×4 போட்ட கணமே டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இறுகிக்கொள்ளும். பழைய வண்டியை ஓட்டி வேலை வாங்குபவருக்கு இரண்டரை அங்குலமும் 33 டயரும்தான் எங்கள் பரிந்துரை.

கிட் பெட்டியில் பெரும்பாலும் இல்லாதவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நீளமான பிரேக் ஹோஸ், டிஃபரன்ஷியல் பிரீதர் (காற்று போக்கும்) குழாய், தாழ்த்திய பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), சரியான நீள ஷாக். ஷாக் நீளத்தை கேட்லாக்கில் தேடாமல் வண்டியிலேயே அளந்து பாருங்கள், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஒரு முறை, முழுதாக அமுங்கும்போது ஒரு முறை. ஹைலக்ஸ் போன்ற சில வண்டிகளில் பின் பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். லிஃப்ட் ஏற்றியதும் அது வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டையும் அதே அளவு நகர்த்த வேண்டும்.

வாங்குமுன் ஸ்பிரிங் ஹேங்கரைச் சுற்றிச் சேஸிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, மந்தமாக ஒலித்துத் துரு உதிர்ந்தால் முதல் செலவு அங்கேதான்.

பொருத்தும்போது ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒரு முறை இறுக்கியதும் அது நீண்டுவிடும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் குழியில் முழுதாக அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நின்றபின் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) வைக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, சில மாதங்களில் கிழியும். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இரு முனையிலும் ஒற்றை ஜாயிண்ட் இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் பினியன் முனையும் இணையான கோணத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆப்பு ஷிம் வைத்துச் சரிசெய்யுங்கள், அலுமினியத்தில் அல்ல, எஃகில்.

பிறகு அலைன்மென்ட், அந்தத் தாளில் கேஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்கி வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 800-இல் ஒரு முறை எல்லா யு போல்ட்டையும் டார்க் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஹப்பிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து, முதலில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.