பயோடீசல் டெஸ்ட் ரிப்போர்ட்ட ஏமாறாம படிக்கிறது எப்படி

அம்பத்தூர் எஸ்டேட்ல ஜென்செட் (கரண்ட் போனா ஓடுற டீசல் ஜெனரேட்டர்) வச்சிருக்க நண்பர் ஒருத்தர் போன மாசம் ஒரு பயோடீசல் ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பி, ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பிடிக்கிற வெப்பநிலை, 60 டிகிரி இருக்கு, டீசலுக்கு 35 இருந்தாலே போதுமாமே, அப்போ இது சூப்பர் சரக்கு தானேன்னு கேட்டாரு. இல்லீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறோம்.

மொதல்ல ரிப்போர்ட் தலைப்புல எந்த ஐஎஸ் நம்பர், அதாவது எந்த இந்திய தர நிர்ணய நம்பர்னு பாருங்க. சுத்தமான பயோடீசல், அதாவது பி100க்கு ஐஎஸ் 15607. பங்க்ல போடுற டீசலுக்கு ஐஎஸ் 1460, அதுலயே 7 சதவீதம் வரைக்கும் பயோடீசல் கலந்துக்கலாம். அதுக்கு மேல 20 சதவீதம் வரைக்கும் கலந்ததுக்கு தனியா ஐஎஸ் 16531. பி100ன்னு சொல்லிட்டு 1460 ரிப்போர்ட்ட நீட்டுனா டீ குடிச்சிட்டு கெளம்பிடுங்க.

இப்போ அந்த 60. 15607ல குறைஞ்சது 101 டிகிரி வேணும். எண்ணெயில மெத்தனால் சேர்த்துதான் பயோடீசல் பண்றாங்க, மிச்ச மெத்தனால ஒழுங்கா எடுக்கலைன்னா கொஞ்சூண்டு தங்குனாலே ஃப்ளாஷ் பாயிண்ட் சர்ருனு எறங்கிடும், இல்லன்னா மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் ஊத்திருப்பாங்க. டீசலுக்கு பாஸ் மார்க், பயோடீசலுக்கு ஃபெயில்.

அடுத்து எஸ்டர், அதாவது எண்ணெய் மாறி வந்த நெசமான பயோடீசல், 96.5 சதவீதத்துக்கு கொறையக்கூடாது, மொத்த கிளிசரால் (பயோடீசல் பண்ணும்போது எண்ணெயிலேந்து பிரியுற பிசுபிசு திரவம்) 0.25 சதவீதத்த தாண்டக்கூடாது, தாண்டுனா எண்ணெய் முழுசா மாறல, இல்லன்னா கிளிசரால ஒழுங்கா பிரிக்கலன்னு அர்த்தம், இன்ஜெக்டர்ல கரி புடிக்கும். ஆசிட் வேல்யூ, அதாவது அமிலத்தோட அளவு, 0.5க்குள்ள இருக்கணும்.

தண்ணி லிமிட் 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 500 பங்கு), டீசலுக்கு 200தான். நம்ம சென்னை புழுக்கத்துல பயோடீசல் ஈரத்த டீசல விட நல்லாவே உறிஞ்சும், கரண்ட் போகாம மாசக்கணக்கா சும்மா நிக்கிற ஜென்செட் டேங்க்ல ஊத்தி வச்சா அடியில தண்ணி சேரும். அதனால தேவைக்கு மட்டும் வாங்குங்க, அப்பப்போ அடி வால்வ தொறந்து வடிச்சிடுங்க.

வீட்டு டெஸ்ட்டும் ஒண்ணு இருக்கு. கண்ணாடி பாட்டில்ல 27 மில்லி மெத்தனால், 3 மில்லி பயோடீசல் ஊத்தி குலுக்கி அரைமணி நேரம் வைங்க, அடியில எண்ணெய் தங்குனா சரியா மாறல. மெத்தனால் விஷம், தீயும் புடிக்கும், வெளியில வச்சு கையுறை போட்டு பண்ணுங்க. லேப் ரிப்போர்ட்டுக்கு இது ஈடில்ல.

பழைய இன்ஜின்னா பயோடீசல் டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டியிருக்க அழுக்க கழட்டி ஃபில்டர்ல கொண்டு வந்து அடைச்சிடும், ரப்பர் ஹோஸும் உப்பிடும். மேனுவல்ல எந்த அளவு கலவை வரைக்கும் ஓகேன்னு பாத்துட்டு, ரெண்டு ஃபில்டர் ஸ்பேர் வாங்கி வச்சுக்கிட்டே ஆரம்பிங்க.