முதலில் வரையுங்கள், அப்புறம் படம் எடுக்கலாம்: மொரீசியஸ் வீட்டுத் தோட்டத்திலிருந்து தொடங்க ஒரு வழி

என் சித்தப்பா மகனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்த நாளுக்கு ஒரு கேமரா கிடைத்ததும், உடனே பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்குப் போக வேண்டும், இந்தத் தீவில் மட்டுமே உள்ள இளஞ்சிவப்புப் புறாவைப் படம் பிடித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி என்று கூட்டிப் போனேன். முந்நூறு படம் எடுத்திருப்பான். பாதி இலை, மீதி வானம், ஒன்றே ஒன்றில் மட்டும் கிளைக்குப் பின்னால் ஒரு வால். திரும்பும்போது பேருந்தில், "அதுக்குக் கால் என்ன நிறம்டா?" என்று கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தான். "நான் ஸ்கிரீனைத்தானே பார்த்தேன், அக்கா."

அவனுக்காக எழுதி வைத்த குறிப்பைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். கேமரா இல்லாதவர்களுக்கும் இது போதும்.

படி 1: வீட்டுப் பின்புறத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்

காடு எங்கும் ஓடிவிடாது. காலை ஆறரைக்கு, துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது, நீங்கள் வந்த சத்தத்தில் எல்லாம் ஒதுங்கியிருக்கும். அதற்குப் பிறகு யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பெரும்பாலும் வருவது நம்மைப் போல் வந்து குடியேறியவை. வெட்டுக்கிளிகளைத் தின்னட்டும் என்று மைனாவை 1762-ல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தலையில் கூர்க்கொண்டை வைத்த செம்மீசைச் சின்னானை இங்கே பேசும் கிரியோல் மொழியில் கொந்தே என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நம் 'கொண்டை' என் காதில் விழும். சிவப்பாக வந்து வேலியில் உட்காரும் கார்தினால் மடகாஸ்கர் பறவை. கோடைக் காலத்தில் ஆண் மட்டும் சிவக்கும். மற்ற மாதங்களில் சிட்டுக்குருவி என்றே நினைத்துவிடுவீர்கள், நானும் நினைத்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் இந்தத் தீவிலேயே பிறந்தது, வேறு எங்கும் இல்லாதது: பிக்-பிக். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறக் குருவி, வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு, ஐந்தாறு சேர்ந்தே வரும், ஒரு நொடி வாயை மூடாது. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி பொறுக்கும். பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன், கூச்சம் குறைவு.

படி 2: சாமான்

கோடு போடாத சின்ன நோட்டு, 2பி பென்சில், துண்டு ரப்பர். ரப்பரைக் கூட வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நல்லது. பைனாகுலர் வாங்குவதென்றால் 8x32 அல்லது 8x42 போதும், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும் என்பதைச் சொல்லமாட்டார்.

படி 3: பல்லியை வரையுங்கள்

பறவை நிற்காது. அதனால் முதல் ஓவியத்துக்குப் பல்லி. சுவரில் இரவில் வரும் வெளிறிய பல்லி இல்லை. பகலில் வாழை மரத்தில் திரியும் பச்சைப் பல்லி. ஆண் என்றால் இடுப்பிலிருந்து வால் வரை நீலம், முதுகில் சிவப்புப் புள்ளிகள், யாரோ உட்கார்ந்து வண்ணம் பூசியது மாதிரி இருக்கும். வாழைப்பூ மடல் விரிந்திருந்தால் தேன் நக்க வரும். பத்து மணிக்கு மேல், இலையில் வெயில் விழுந்த பிறகு பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நிறம் மங்கிக் கறுத்திருக்கும், அப்போது பார்த்துவிட்டு "இதுவா அழகு" என்று கேட்காதீர்கள்.

முதலில் உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரே ஒரு கோடு. அதன் மேல் தலைக்கு ஒரு முக்கோணம், உடலுக்கு நீளமான முட்டை. பிறகு அளவு: உடலில் எத்தனை தலை அடங்குகிறது, வால் உடலை விட நீளமா. பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். பல்லி நகர்ந்துவிட்டால் அழிக்காதீர்கள். பக்கத்திலேயே அடுத்த படத்தைத் தொடங்குங்கள். அது திரும்பப் பழைய மாதிரி உட்காரும், அப்போது பழைய கோட்டுக்கு வரலாம். ஒரு பக்கத்தில் ஆறு அரைகுறைப் பல்லிகள் இருந்தால் அதுதான் சரியான பக்கம். வண்ணம் தீட்ட வேண்டாம், அம்புக்குறி போட்டு 'இங்கே நீலம் தொடக்கம்', 'புள்ளி, ரத்தச் சிவப்பு' என்று எழுதுங்கள்.

என் தம்பி மூன்றாவது படத்தில் கண்ணை வரையும்போது நின்றுவிட்டான். "அக்கா, இது கண்ணைச் சிமிட்டவே இல்லை." அடுத்த நிமிடம் பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது. அதற்கு இமை கிடையாது, அதனால் நாக்குதான் துடைப்பான். இன்னொன்றும் அவனே கண்டுபிடித்தான்: இதன் கண்மணி வட்டம். ராத்திரி சுவர்ப் பல்லிக்குப் பகல் வெளிச்சத்தில் அது செங்குத்துக் கீற்றாக இருக்கும். இரண்டும் அவன் நோட்டில் இருக்கின்றன. அந்த முந்நூறு படங்களில் ஒன்றும் இல்லை.

படி 4: இப்போது போனை எடுங்கள்

வரைந்து முடிப்பதற்குள் அது உங்களைப் பழகியிருக்கும், நீங்களும் அது அடுத்து எங்கே போகும் என்று ஊகிக்கத் தொடங்கியிருப்பீர்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், ஆனால் உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. இந்தியாவில் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் கவனிக்க: இங்கே வருடத்தில் பெரும்பகுதி உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும்.

ஜூம் செய்யாதீர்கள், ஓர் அடி முன்னால் போய், பிறகு வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். திரையில் பல்லியின் கண் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பச்சை வெளுத்துப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கையால் பிடித்து நல்ல இலையில் வைத்துப் படமெடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள், வாலை விட்டுவிட்டு ஓடிவிடும்.

சாயங்காலம் பழந்தின்னி வௌவால் பறக்கும் நேரத்துக்கும் இதே போன் போதும். மாம்பழக் காலத்தில் எங்கள் ரோஸ் ஹில் வீட்டு மேலேயே வரும். ஃபோகஸை வானத்தில் பூட்டிவிட்டு நிழலுருவமாகப் பிடியுங்கள். விவரம் வராது, இறக்கையின் வடிவம் வரும்.

படி 5: குறிப்பு

தேதி, நேரம், இடம், வெயிலா மழையா, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் யாராவது சொல்வார்கள், உங்கள் ஓவியத்தோடு ஒப்பிட்ட பிறகே ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வெளியே

ஒரு மாதம் கழித்துப் போங்கள். போர்ட் லூயிக்குப் பக்கத்தில் ரிவ்யூலே தெர் ரூஜ் கழிமுகம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல இடம்; வடக்கேயிருந்து வலசை வரும் உள்ளான் பறவைகள் சேற்றில் குத்திக்கொண்டிருக்கும். மாயேபூர் பக்கம் கடலுக்குள் இருக்கும் இல் ஓ ஸெக்ரெத் வெறும் 26 ஹெக்டேர்தான், ஆனால் அங்கே மொரீசியஸின் சொந்தக் கார்தினால் உண்டு. தலையும் மார்பும் சிவப்பு, வயிறு பச்சை கலந்த சாம்பல். முற்றத்துக் கார்தினாலை வரைந்தவர் அரை நொடியில் பிரித்துவிடுவார்.

பிளாக் ரிவர் காட்டில் புறாவைப் பார்த்தால் முதலில் கால். 1990-ஐ ஒட்டி இந்தப் புறாக்கள் காட்டில் பத்து போலத்தான் மிஞ்சியிருந்தன, கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டுத்தான் பெருக்கினார்கள். அதனால் பலவற்றின் காலில் வண்ண வளையம் இருக்கும். எந்தக் காலில், மேலிருந்து கீழாக என்னென்ன நிறம் என்று எழுதுங்கள். கண்காணிக்கிறவர்களுக்கு அதை வைத்து அது எந்தப் புறா என்றே சொல்ல முடியும். அதே காட்டின் பெத்ரேன் பக்கம் திடீரென்று மழை பிடிக்கும், நோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். பேனா கொண்டுபோகாதீர்கள், நனைந்த தாளில் மை ஓடிவிடும்.