எடை மேடையும் பழைய லேப்டாப்பின் கார்டு ஸ்லாட்டும்

மன்னார்குடி பக்கம் ஒரு நெல் அரவை ஆலை. எடை மேடைக்குப் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்தான். அது ஓடுவது விண்டோஸ் 98 உள்ள, தூசிக்கும் தவிட்டுக்கும் அசராத முரட்டு லேப்டாப்பில். குறுவை அறுவடை நேரத்தில் சிக்கல் வந்தது: மேடையின் எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் எடை தெரிகிறது, லேப்டாப் திரையில் பூஜ்யம்.

கேபிளை மாற்றியும் பயனில்லை. வேறு கணினியில் இண்டிகேட்டர் ஒழுங்காக வேலை செய்தது. ஆக, அந்த கேபிளைச் செருகும் லேப்டாப்பின் சீரியல் போர்ட்தான் செத்திருக்கிறது. யூஎஸ்பி கன்வெர்ட்டரை நிரல் கண்டுகொள்ளவே இல்லை. கூடுதல் கார்டுகளுக்கான பக்கவாட்டு பிசி கார்டு ஸ்லாட்டில் ஒரு சீரியல் கார்டைச் செருகினேன். சீரியல் போர்ட்களுக்கு காம் என்று எண் போடும் விண்டோஸ் அதை காம் 5 என்றது. நிரலுக்கோ காம் 1, காம் 2 தவிர எதுவும் தெரியாது.

பார்க்க வேண்டியது கார்டின் முனையை. 68 துளைகளுக்கு மேலே புடைப்புகளோடு பொன்னிறப் பட்டை இருந்தால் அது 32 பிட் கார்ட்பஸ்; பிசிஐ என்ற புதிய இணைப்பு முறையின் முகவரியில்தான் உட்காரும். பட்டை இல்லாத 16 பிட் கார்டை காம் 1-க்குரிய 3எஃப்8 என்ற பழைய முகவரியிலேயே உட்கார வைக்கலாம். டாஸ் நிரல் நேரடியாகத் தேடுவது அதைத்தான். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் நுழைவதால் விற்பவர்கள்கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை.

தஞ்சாவூரில் பழைய கணினிச் சாமான் கடையில் 16 பிட் கார்டு கிடைத்தது. அதுவும் முதலில் காம் 3 ஆகத்தான் வந்தது. கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸ் அமைப்பில் செத்த போர்ட்டை முடக்கினேன். 3எஃப்8 முகவரியும், போர்ட் கணினியின் கவனத்தைக் கூப்பிடும் ஐஆர்க்யூ 4-உம் காலியாயின. அப்புறம் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் தானியங்கி அமைப்புக்கான டிக்கை எடுத்துவிட்டு, அந்த இரண்டையும் கையால் கொடுத்தேன். அடுத்த லாரியின் எடை திரையில் வந்தது. பெரிய நிம்மதி.

கார்டிலிருந்து தொங்கும் குட்டி கேபிள்தான் பலவீனமான இடம். அதை லேப்டாப்பின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.