மங்குக்கு எந்த சன்ஸ்கிரீன் வாங்குவது?

கன்னத்தில் மங்கு படர்ந்திருக்கிறது, எஸ்.பி.எஃப். 50 போட்டும் குறையவில்லை என்றால் முதலில் டியூபைத் திருப்பி அயர்ன் ஆக்சைடு என்ற நிறப்பொடி இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் சி.ஐ. 77491, 77492, 77499 என்று எண்ணாக மட்டும் போட்டிருப்பார்கள், அதுவும் இதுதான்.

எஸ்.பி.எஃப். என்பது புற ஊதாக் கதிருக்கான கணக்கு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதாவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது, அதில் வராது. ஆனால் அதிலுள்ள ஊதாவும் நீலமும் நிறமிச் செல்களைத் தூண்டி மெலனினைக் கூட்டுகின்றன, அதுவும் நம்மைப் போல மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்குத்தான் அதிகம், வெள்ளைத் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இந்த வெளிச்சத்தைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடுதான், ஆகவே அது சேர்ந்து நிறம் கலந்த, டின்டட் என்று விற்கும் சன்ஸ்கிரீனே வாங்குங்கள். தாடையோரம் கொஞ்சம் தடவி, கடை லைட்டில் இல்லாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் வேறு ஷேட். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிப் பூச வேண்டும், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பஸ் ஜன்னலோரமும் வெயில்தான், சாதாரணக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. போன் திரையை நினைத்துப் பயப்பட வேண்டாம், வெயிலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அப்புறம், மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தொடாதீர்கள், தோல் டாக்டரைப் பாருங்கள்.