ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் கணவரின் குடும்பப் பெயர் வாக்கர். கல்யாணமாகி வட இங்கிலாந்தின் யார்க்ஷயருக்கு வந்த புதிதில், மாமியார் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய கடிதங்களையும் சான்றிதழ்களையும் என் கையில் கொடுத்தார். அன்று பிடித்துக்கொண்ட ஆர்வம் 18 வருடமாக விடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, தங்கள் பெயரின் வேரைத் தேடி வருபவர்களுக்கு உதவுகிறேன். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நான் ஏற்கெனவே செய்தவை. பழைய கையெழுத்தைத் தப்பாகப் படிப்பது, எங்கே பார்த்தோம் என்று குறித்துவைக்காமல் விடுவது போன்றவை போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்றைய அர்த்தத்தை வைத்துப் பெயரைப் படிப்பது

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தது உண்மைதான், ஆனால் துணியின் மேல். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் புளித்த மூத்திரமும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்கு போகும், இழைகள் சுருங்கிப் பின்னிக்கொண்டு துணி கெட்டிப்படும். வட இங்கிலாந்தில் அந்த வேலை செய்தவர் வாக்கர். அதே ஆளுக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டியை ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்பதும் இந்தத் தொழிலால்தான்.

அதனால் பெயரைச் சரியாகப் படித்தால் தொழில் மட்டுமல்ல, திசையும் தெரியும். லீட்ஸ் பக்கத்தில் டெம்பிள் நியூசமில் துணியை அடிக்கும் மில் ஒன்று இருந்ததாக டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களின் 1185-ம் ஆண்டு நிலக் கணக்கே சொல்கிறது. காலுக்குப் பதில் மரச் சம்மட்டி வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அப்புறம் ஃபார்மர். இந்தப் பெயர் வந்தது உழவிலிருந்து அல்ல. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரை அப்படி அழைத்தார்கள்.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று முடிவுகட்டுவது

எனக்கு இன்றும் ஆறாத தவறு இது.

துணி மிதித்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாக்கர் இருந்தார். எல்லா வாக்கர்களுக்கும் மூலபுருஷன் ஒருவர் இல்லை. நூற்றுக்கணக்கான தனித்தனி வேர்கள். 14-ம் நூற்றாண்டில்கூடப் பல குடும்பங்களில் பெயர் நிலைக்கவில்லை. வாக்கரின் மகன் நெசவுக்குப் போனால் வெப்ஸ்டர் ஆகலாம், அப்பா பெயரால் ஜான்சன் ஆகலாம். மேற்கு யார்க்ஷயரின் 1379-ம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலில் சிலருக்குப் பெயரோடு தொழிலையும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே இது விளங்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் தவறினேன். கணவரின் முன்னோர் ஒருவர் பெயர் ஜான். 1790-களில் ஹாலிஃபாக்ஸ் பாரிஷில், அதாவது அந்த ஊர்த் தேவாலயத்தின் வட்டாரத்தில், கல்யாணம். பிறப்பு 1768 வாக்கில் இருக்க வேண்டும் என்று கணக்குப்போட்டு தேவாலயப் பதிவேடுகளின் அட்டவணையில் தேடினால், அந்த வருடங்களில் ஒரே ஒரு ஜான் வாக்கரின் ஞானஸ்நானம் வந்தது. அப்பா வில்லியம். ஒருவர்தான் இருக்கிறார், வேறு யாராக இருக்க முடியும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வில்லியமைப் பிடித்து இன்னும் மூன்று தலைமுறை மேலே போனேன். விடுப்பெடுத்து யார்க் நகருக்குப் போய், போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் உயில்களுக்கு நகல் வாங்கினேன். மாமியாரின் 70-வது பிறந்தநாளுக்கு வம்சாவளியைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். இணையத்திலும் ஏற்றினேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறொருவருக்காக அதே பாரிஷின் அடக்கப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பழுப்பு மையில் வரிசையாகக் குழந்தைகளின் பெயர்கள். பக்கத்தின் நடுவில் ஒரு வரி: ஜான், வில்லியம் வாக்கரின் மகன். தேதியைக் கணக்குப் பார்த்தேன். ஞானஸ்நானம் ஆகி 19-ம் நாள். நான் கல்யாணம் செய்துவைத்து, பேரன் பேத்தி எடுக்க வைத்த ஜான், ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

உண்மையான தடயம் முதல் நாளிலிருந்தே என் கோப்பில் கிடந்தது. 1754-க்குப் பிறகு நடந்த கல்யாணங்களில் மணமக்களோடு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஜானின் கல்யாணச் சாட்சிகளில் ஒருவர் ஜோசப் வாக்கர். அந்தப் பெயரை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மேற்கு யார்க்ஷயரில் அரசு சார்ந்த ஆங்கிலிக்கன் சபையை விட்டு விலகிய குடும்பங்கள் நிறைய. குவேக்கர்கள் என்ற தனிக் கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் சட்டப்படி ஊர்த் தேவாலயத்தில்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானமோ தங்கள் சொந்தச் சபையில். அந்தச் சபைகளின் பதிவேடுகளில் பெரும்பாலானவை 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கேதான் எங்கள் ஜான் கிடைத்தார். 1767, அப்பா ஜோசப், துணி நெய்பவர்.

அதனால் நூலகத்துக்கு வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ஒரு ஜான் கிடைத்தவுடன் நிறுத்தாதீர்கள். சுற்று வட்டாரத்து ஜான்கள் எல்லோரையும் எழுதுங்கள். ஹாலிஃபாக்ஸ் மாதிரிப் பெரிய பாரிஷ் என்றால் ஹெப்டன்ஸ்டால், எல்லண்ட் போன்ற துணைத் தேவாலயங்களின் பதிவேடுகள் தனி, அவற்றையும் பாருங்கள். ஒவ்வொருவரும் செத்தாரா, யாரைக் கட்டினார், எங்கே போனார் என்று கடைசிவரை பின்தொடருங்கள். மிச்சம் நிற்பவரையும் சாட்சி, தொழில், உயில் ஒன்றாவது உறுதிசெய்ய வேண்டும்.

என் தப்பான வம்சாவளியை அன்றே இணையத்திலிருந்து நீக்கினேன். அதற்குள் பலர் நகலெடுத்துவிட்டார்கள். எழுதிக் கேட்டேன், சிலர் திருத்தினார்கள், பலர் பதிலே போடவில்லை. போன மாதம் ஒரு பையன் தன் குடும்ப வரலாறு என்று அச்செடுத்துக் கொண்டுவந்தான். அன்று நான் மாற்றித் தட்டச்சு செய்திருந்த ஒரு தேதி, அதே பிழையோடு அதில் இருந்தது. அத்தனை பேர் கை மாறியும் ஒருவர்கூட அடக்கப் பதிவேட்டைத் திறக்கவில்லை.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்குவது

"எங்கள் கிளார்க்கில் கடைசியில் ஈ (e) எழுத்து உண்டு, அவர்கள் வேறு குடும்பம்" என்று சொல்லாதீர்கள். எழுதத் தெரியாதவர் சொன்னதைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் தம்பிக்கே இரண்டு விதமாக இருக்கும். நாஷ் என்ற பெயரே 'அட்டென் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தடியில் இருப்பவர் என்பது பிரிந்த இடம் மாறி வந்ததுதான்.

1752-க்கு முந்தைய தேதிகள்

அதுவரை இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. 1698 ஜூனில் கல்யாணம், 1698 பிப்ரவரியில் குழந்தை என்று இருந்தால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1699, குழந்தை எட்டு மாதம் கழித்துத்தான் பிறந்திருக்கிறது.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது

நம்பாதீர்கள். 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.

குடும்பப் பெயருக்கான குலச்சின்னம்

அப்படி ஒன்று கிடையாது. இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள்.